முப்பத்தோராம் பக்கத்தில் நின்ற படகு

புதிதாகக் குழு நடத்த வந்திருக்கும் உங்களில் மூன்று பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "ஒருத்தர் வருஷக்கணக்கா உட்கார்ந்து எழுதின ஆட்டத்தைப் பத்தி, மனசும் நோகாம, பொய்யும் சொல்லாம எப்படிக்கா கருத்து சொல்றது?" அன்றைக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். நீங்கள் போன பிறகு, சரியாகப் பதில் சொல்லவில்லையே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் எழுதுகிறேன். நான் செய்த ஒரு தப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எண்பதுகளின் கடைசி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன அச்சகத்தில் பக்கம் அமைப்பது என் வேலை. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கருமாதிக் கார்டு என்று வந்துகொண்டிருந்த இடத்தில், இடையிடையே வேறு மாதிரி ஆட்களும் வருவார்கள். கையில் தடித்த நோட்டுப் புத்தகம் இருக்கும். உள்ளே வரைபடம், அட்டவணை, அடித்து அடித்து எழுதிய விதிகள். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, பேசியும் பகடை உருட்டியும் ஒரு கதையை நடத்திக்கொண்டு போகிற விளையாட்டு. நாங்கள் அதைக் கதையாட்டம் என்போம். வெளிநாட்டுப் புத்தகங்களை ஜெராக்ஸ் எடுத்து ஆடிக்கொண்டிருந்தவர்கள், சொந்தமாக எழுத ஆரம்பித்த சமயம் அது. ஒவ்வொருவரும் இந்த நாட்டிலேயே தான் ஒருவன்தான் இதைச் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். எனக்கோ அப்படிப்பட்ட ஆறு பேரைத் தெரியும்.

முதலாளியிடம் கேட்டு, மாடியில் காகிதக் கட்டு அடுக்கியிருந்த அறையை மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியத்துக்கு வாங்கினேன். கீழே இயந்திரம் ஓடினால் மாடி மேசை அதிர்ந்து பகடை தானாகப் புரளும். சனிக்கிழமை மதியம்தான் இயந்திரம் நிற்கும். இப்படித்தான் கூட்டம் ஆரம்பித்தது. பின்னால் அதுவே என் முழுநேர வேலையாகப் போகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

முதல் கூட்டத்துக்குத் தன் ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் குணா. கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் கிளார்க். முப்பது வயது இருக்கும், அதிர்ந்து பேச மாட்டார். அவர் எழுதியது ஒரு வெள்ளத்தைப் பற்றிய ஆட்டம். ஒரே வரிசையில் நாலு வீடு. ஆறு ஏறிக்கொண்டே வருகிறது. நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு சம்பான், சின்னத் துடுப்புப் படகு. இருபது பக்கம்தான் இருந்தது.

எல்லாரும் ஒரு மணி நேரம் ஆடினோம். பிறகு நான் சொன்னேன், "மனசுல பட்டதை எல்லாரும் தாராளமா சொல்லுங்க." இவ்வளவு பெரிய தப்பை இவ்வளவு சின்ன வாக்கியத்தில் யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

முதலில் பேசினவர் மிஸ்டர் சிவநாதன். பங்சாரில் வீடு, அரசாங்கத் தணிக்கை இலாகாவில் பெரிய பதவி, எங்கள் கூட்டத்திலேயே மூத்தவர். விதி என்றால் துல்லியமாக இருக்க வேண்டும் அவருக்கு. "நீரோட்டத்தின் வேகத்துக்கு ஒரு டேபிள் வேணும் தம்பி. படகு எவ்வளவு எடை தாங்கும் என்றதுக்கும் ஒன்று," என்றார். அடுத்தவர் முதலை வேண்டும் என்றார். இன்னொருவர், கள்ளக்கடத்தல் கும்பல் ஒன்றை நுழைத்தால் விறுவிறுப்பு கூடும் என்றார். நானும் சும்மா இருக்கவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு நிவாரண முகாமில் என்ன நடக்கிறது என்று எழுதினால் கதை முழுமையாகும் என்றேன். குணா எல்லாவற்றையும் நல்ல கையெழுத்தில் குறித்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் அருமையாக நடந்ததாக நான் நினைத்தேன்.

அடுத்த மாதம் அவர் நூற்று நாற்பது பக்கம் கொண்டுவந்தார்.

நாங்கள் சொன்ன எல்லாமும் அதில் இருந்தது. நீரோட்ட அட்டவணை, எடை அட்டவணை, முதலை, கடத்தல்காரன், முகாம். ஆட உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரம் கழித்தும் யாரும் படகில் ஏறியிருக்கவில்லை. "என்ன தம்பி இது, தலையும் புரியல, காலும் புரியல," என்று ஆரம்பித்தார்கள். போன மாதம் யார் எதைச் சேர்க்கச் சொன்னார்களோ, அவர்களே அதைக் குறை சொன்னார்கள். குணா நோட்டை மூடினார். "நீங்க சொன்னதெல்லாம் போட்டேன்," என்று மட்டும் சொன்னார். அதற்கடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு நர்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் நர்ஸ் என்றே சொல்கிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. வார்டு சிஸ்டருக்குப் பிரிவுபசார மலர் அச்சடிக்க வந்தவர், மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டு ஏறி வந்து, அன்றிலிருந்து எங்களோடு ஆடியவர். என் வயதுதான். குணா வராமல் போனதை அவரிடம் சொல்லிப் புலம்பினேன்.

"எங்க வார்டுக்கு ஒரு நோயாளி வந்தா, கூட வர்ற சொந்தக்காரங்க பத்துப் பேரும் பத்து மருந்து சொல்வாங்க," என்றார். "நாங்க அதை எழுதிக்க மாட்டோம் லா. நோயாளிகிட்டதான் கேப்போம். எங்க வலிக்குது, எப்ப ஆரம்பிச்சுச்சு, என்ன பண்ணா கூடுது. உங்க கூட்டத்துல எல்லாரும் டாக்டரா உட்கார்ந்திருக்கீங்க. ஆடினவங்கதானே நோயாளி? அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு யாரும் சொல்லவே இல்லையே."

அவர் சொன்னது அவ்வளவு சரி.

அடுத்த சனிக்கிழமை பஸ் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். குணா ஆபீஸ் முடிந்து வெளியே வரும்போது என்னைப் பார்த்துத் திகைத்துப் போனார். பக்கத்துக் கடையில் உட்கார்ந்தோம்.

"மன்னிக்கணும் குணா. தப்பு என்னோடது," என்றேன்.

"அப்படி எல்லாம் இல்லக்கா. எனக்குத்தான் ஒன்னு புரியல. அந்த நூத்தி நாப்பது பக்கத்துல என் ஆட்டம் எங்க இருக்குன்னு எனக்கே தெரியல."

"முதல்ல எதுக்கு எழுத ஆரம்பிச்சீங்க?"

அவர் கிளாஸைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டில் வெள்ளம் புகுந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் சம்பான் இருந்தது. வேலித் தகராறில் அவருக்கும் குணாவின் அப்பாவுக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை. ஆனாலும் அந்த மனிதர் படகைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். எல்லாரும் ஏறினார்கள். கரை சேரும் வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

"ரெண்டு பேரும் இப்ப இல்ல. அன்னிக்கு அந்தப் படகுல என்ன பேசியிருக்கலாம்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன். அதுக்குத்தான் எழுதினேன்," என்றார்.

இரண்டு மாதமாக அவர் ஆட்டத்தைப் பிய்த்துப் போட்ட எங்களில் ஒருவருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை. கிள்ளானிலிருந்து திரும்பும் பஸ்ஸில் கூட்டத்தின் நடைமுறையை மாற்றி எழுதினேன். எழுதியவர் முதலில் எதற்காக எழுதினார் என்று சொல்லட்டும். பிறகு ஆட்டம். ஆடும்போதும் ஆடி முடித்ததும் அவர் வாய் திறக்கக் கூடாது. ஆடினவர்கள் தங்களுக்கு என்ன நேர்ந்தது என்று மட்டும் சொல்ல வேண்டும். அவராகக் கேட்டால் ஒழிய, யாரும் மருந்து சொல்லக் கூடாது. நீங்கள் இன்றைக்கும் உங்கள் கூட்டங்களில் வைத்திருக்கும் முறை இதுதான். அதற்கு என் பெயரை வைத்திருக்கிறீர்கள். வைப்பதென்றால் அந்த நர்ஸ் பெயரைத்தான் வைக்க வேண்டும், அவர் சம்மதிக்க மாட்டார்.

மிஸ்டர் சிவநாதன் இதை ஏற்றுக்கொள்ள நாள் பிடித்தது. "ஓட்டை தெரியுது, அடைக்கிற வழியும் எனக்குத் தெரியுது. பேசாம இருக்கச் சொல்றீங்களே பரிமளா," என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அவர் அடைக்கத் தெரிந்த ஓட்டைகள் அவருடைய ஆட்டத்தின் ஓட்டைகள். குணாவுடைய ஆட்டத்தின் ஓட்டையை குணாதான் அடைக்க முடியும்.

குணா திரும்பி வந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் உழைத்தார். முதலை போயிற்று, கடத்தல்காரன் போனான், அட்டவணைகள் எல்லாம் போயின. புத்தகம் அறுபத்து நாலு பக்கத்துக்கு வந்து நின்றது, ஒவ்வொரு பக்கத்திலும் மேலே தமிழ், கீழே இங்கிலீஷ். இதற்குள் குழுவில் பதினைந்து பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு சர்ச் மண்டபத்தை எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் ஆட்டங்களை ஊராருக்குக் காட்டுவது என்று முடிவு செய்தோம். சிங்கப்பூரிலிருந்து மிஸ் டான் என்ற பெண்மணி வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். விளையாட்டுப் புத்தகங்களுக்கென்றே கடை வைத்திருந்தவர். அவர் அலமாரியில் எங்கள் பக்கத்து ஆட்டம் ஒன்றுகூட அதுவரை இருந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கு எட்டு நாள் முன்னால், சனிக்கிழமை, கடைசி ஒத்திகை. குணாவை அறியாத, ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்படாத நாலு பேர் வேண்டும் என்றேன். நர்ஸ் தன் வார்டிலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்தார். புத்தகத்தை மட்டும் கொடுத்து உட்கார வைத்தோம். குணா மூலையில் காகிதக் கட்டு மேல் உட்கார்ந்திருந்தார்.

முதல் ஒரு மணி நேரம் நான் என் வாழ்க்கையில் பார்த்த மிக நல்ல ஆட்டங்களில் ஒன்று. கூரை மேல் நின்றுகொண்டு அந்த நாலு பேரும் சண்டை போட்டார்கள், கெஞ்சினார்கள். ஒருத்தி நிஜமாகவே கண் கலங்கினாள். பிறகு படகு கரை சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் நிவாரண முகாம் வந்தது. யாருக்கு எந்த வகுப்பறை, யார் சமைப்பது, யார் மருந்துக்குப் போவது. நாலு பேரும் ஒழுங்காகப் பகடை உருட்டினார்கள். ஒருத்தி கையில் இருந்த தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும், "நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு," என்றார்கள். விருந்தாளி மரியாதை. நர்ஸ்தான் கேட்டார், "சரி, எங்க வலிச்சுச்சு?"

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாளை மடித்தவள் புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். முப்பத்தோராம் பக்கம். "இதுக்கு மேல நான் வெறும் பகடைதான் உருட்டினேன் சிஸ்டர்," என்றாள். மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

அவர்கள் போன பிறகு அறையில் நான், குணா, நர்ஸ், மிஸ்டர் சிவநாதன். புத்தகத்தின் அறுபத்து நாலு பக்கத்தையும் நானே அமைத்து முடித்திருந்தேன். திங்கட்கிழமை அச்சேற வேண்டும். முகாம் பகுதியை எழுதச் சொன்னதும் நான்தான் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

மிஸ்டர் சிவநாதன் சொன்னார், "இப்ப ஒன்றும் மாத்த வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வர்றவங்க அரை மணி நேரம்தான் ஒரு மேசையில இருப்பாங்க. யாரும் முப்பத்தோராம் பக்கத்துக்குப் போகப் போறதில்ல. அந்தச் சிங்கப்பூர் அம்மா புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பா, தடிப்பா இருந்தா நல்லதுதானே."

அவர் குணாவின் நன்மைக்காகத்தான் சொன்னார். எனக்கும் தலையாட்டிவிடலாம் என்று இருந்தது. எட்டு நாளில் ஒருவருடைய ஒரு வருஷ உழைப்பில் பாதியை வெட்டு என்று எப்படிச் சொல்வது? வெட்டின பிறகு மீதி நிற்காவிட்டால்? முதல் கூட்டத்தில் வாயைத் திறந்து கெடுத்தவள் நான். இப்போதும் வாயைத் திறந்து கெடுத்துவிடுவேனோ என்று பயம். இன்னொரு பக்கம், பயந்துபோய்ப் பேசாமல் இருப்பதும் பொய்தான் என்று தெரிந்தது.

"குணா, என்ன பண்ணணும்னு நான் சொல்ல மாட்டேன்," என்றேன். "பார்த்ததை மட்டும் சொல்றேன். முப்பது பக்கம் வரைக்கும் அவங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து ஆடினாங்க. அதுக்கு மேல புத்தகத்தைப் பார்த்து ஆடினாங்க. நீங்க எப்படி முடிவு பண்ணாலும் திங்கட்கிழமை நான் அச்சுக்குத் தயாரா இருப்பேன்."

அவர் எழுந்து கீழே போய்விட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்துகொண்டிருந்தார். அரை மணி நேரம் இருக்கும். குணா மேலே வந்து, மேசையில் கிடந்த புத்தகத்தை எடுத்து, முப்பத்தோராம் பக்கத்திலிருந்து கடைசி வரை உள்ள தாள்களைப் பிடித்து அப்படியே கிழித்தார்.

"படகு கரையைத் தொட்டதும் ஆட்டம் முடிஞ்சிருது அக்கா. இறங்குறதுக்கு முன்ன ஒவ்வொருத்தரும் பக்கத்துல இருக்கிறவர்கிட்ட ஒரே ஒரு வாக்கியம் சொல்லணும். அவ்வளவுதான். நான் எழுதணும்னு நினைச்சதே அதுதான்."

கிழித்த தாள்களை அவர் கையிலிருந்து வாங்கி ஒழுங்காக அடுக்கி வைத்தது மிஸ்டர் சிவநாதன். "எனக்கு இதுல உடன்பாடு இல்ல தம்பி," என்றார். "ஆனா கடைசிப் பக்கத்துக்கு ப்ரூப் நான் பார்த்துத் தர்றேன்." அச்சை வாரக் கடைசிக்குத் தள்ளி வைத்தோம்; அதுவரை தினமும் ஆபீஸ் முடிந்து அச்சகத்துக்கு வந்தார். முப்பத்திரண்டு பக்கப் புத்தகத்தில் ஒரு எழுத்துப்பிழை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபத்தில் ஏழு மேசை போட்டிருந்தோம். சொந்தக்காரர்கள் மட்டும்தான் வருவார்கள் என்று நினைத்தேன். பத்து மணிக்குள் உட்கார இடமில்லை. காலேஜ் பிள்ளைகள், சர்ச்சில் பூசை முடித்து வந்தவர்கள், எதிரே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் கேஷியர்கூட வந்திருந்தார். "மண்டபத்துல என்ன லா கூட்டம், சூதாட்டமா?" என்று எட்டிப் பார்க்க வந்த மனிதர் அவர்.

மிஸ் டான் பதினொரு மணிக்கு வந்தார். நேரம் அதிகம் இல்லை, எழுதியவரே வந்து பத்து நிமிஷத்தில் விளக்கினால் போதும் என்று இங்கிலீஷில் சொன்னார். குணா என்னைப் பார்த்தார். அவருக்கு விளக்கத் தெரியும், நன்றாகவே விளக்குவார். ஆனால் சிங்கப்பூர்க் கடையில் இந்தப் புத்தகத்தை வாங்கப்போகிறவன் வீட்டுக்கு குணா போய் விளக்க முடியாதே. நான் மிஸ் டானிடம் சொன்னேன், "எழுதியவர் பேச மாட்டார். புத்தகம்தான் பேசும். நீங்கள் உட்கார்ந்து ஆடுங்கள்." அவர் புருவத்தை உயர்த்தினார். கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று நினைத்தேன். கைப்பையை மேசை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அவரோடு உட்கார மூன்று பேர் தேவை. இரண்டு காலேஜ் பெண்கள் வந்தார்கள். மூன்றாவது ஆளாக அந்தக் கேஷியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பாத்திரச் சீட்டை எடுத்தார்கள். மிஸ் டானுக்கு ஆறுமுகம் என்ற ரயில்வேக்காரர் வேஷம் வந்தது. கேஷியருக்குப் பக்கத்து வீட்டு இரும்புக் கடைத் தாவ்கே, அதாவது சீன முதலாளி. இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை என்று சீட்டில் இருந்தது. மலாயும் இங்கிலீஷும் கலந்து ஆட்டம் ஓடியது. தண்ணீர் ஏறியது. படகு கேஷியர் கையில்.

கூரை மேல் இருந்த ஆறுமுகம், அதாவது மிஸ் டான், முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எனக்கு உன் படகு வேண்டாம்," என்றார்.

கேஷியர் எழுந்தே நின்றுவிட்டார். மலாயில் சொன்னார், "ஆறுமுகம், ஏறு லா. ஒன்பது வருஷமா உன் சேவல் என்னைத் தூங்க விட்டதில்ல. அதையும் தூக்கிக்கிட்டு ஏறு. அது இல்லாட்டி எனக்கு இனிமே தூக்கம் வராது."

மேசையைச் சுற்றி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் டானும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, இல்லாத ஒரு சேவலை இரண்டு கையாலும் தூக்கி அணைத்துக்கொண்டு படகில் ஏறினார்.

நான் குணாவைத் தேடினேன். சுவரோரம் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் மிஸ்டர் சிவநாதன், அவர் தோள் மேல் கை போட்டுக்கொண்டு.

நேரம் இல்லை என்று வந்த பெண்மணி இரண்டு மணிக்குத்தான் எழுந்தார். அச்சடித்ததில் மிச்சம் இருந்த பிரதிகள் அத்தனையும் தனக்கு வேண்டும் என்றார். அதோடு, மற்ற ஆறு மேசைகளையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, இரண்டு ஆட்டங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தார். நர்ஸ் என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த ஒரு நாளில்தான் எங்கள் குழு குழுவாயிற்று. அடுத்த வருஷம் கிள்ளானில் ஒன்று, அதற்கடுத்து ஸ்ரீ கெம்பாங்கானில் ஒன்று. கிள்ளான் குழுவை நடத்தியவர் குணா. மிஸ்டர் சிவநாதனும் மாறிப்போனார், அவரைப் போல் பொறுமையாக உட்கார்ந்து கேட்கிற ஆளை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்க்கவில்லை.

ஆனால் உங்கள் கேள்விக்கு நான் கொடுக்கக்கூடிய பதில் அன்று மதியம் மூன்று மணிக்கு நடந்தது.

குணாவின் மேசையில் கூட்டம் குறையவில்லை. சாப்பாட்டுக் கடைக்குத் திரும்பிப் போக வேண்டிய கேஷியர் போகவே இல்லை. தானே புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சுற்றுக்கு ஒரு ஆள் குறைந்தது. சுற்றிலும் பார்த்தார். சுவரோரம் சும்மா நின்றிருந்த குணா கண்ணில் பட்டார்.

"பாஸ், வாங்க, உட்காருங்க. நான் சொல்லித் தர்றேன். ரொம்ப ஈஸி."

நான் வாய் திறக்கப் போனேன். குணா என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். போய் உட்கார்ந்தார்.

கேஷியர் நிதானமாக விளக்கினார். நாலு வீடு, ஒரு படகு, தண்ணீர் எப்படி ஏறும். எல்லாம் சரி. ஒரே ஒரு விதியைத்தான் தப்பாகச் சொன்னார். படகில் ஏறப் பகடை உருட்ட வேண்டும் என்றுதான் புத்தகத்தில் இருந்தது. அவர் சொன்னார், "பகடையெல்லாம் அப்புறம் பாஸ். முதல்ல படகுல இருக்கிறவரு உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடணும். பேர் சொல்லாம யாரும் ஏற முடியாது. அதுதான் ரூல்."

குணா கேஷியரை நிமிர்ந்து பார்த்தார்; அந்த வெள்ளத்தில் அவர் அப்பாவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. பிறகு, "நல்ல ரூல்ணே," என்று சொல்லிவிட்டு ஒரு பாத்திரச் சீட்டை எடுத்தார்.

தானே எழுதிய ஆட்டத்தை, எழுதியது தான் என்று சொல்லாமல், முதலிலிருந்து கடைசி வரை கற்றுக்கொண்டு ஆடினார். படகு அவர் கூரைக்கு வந்தபோது கேஷியர் அவருடைய பாத்திரத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குணா ஏறினார்.

யாரும் குறை சொல்லவில்லை, யாரும் பொய்யும் சொல்லவில்லை; இரண்டாம் பதிப்பில் அந்த விதி கேஷியர் சொன்னபடியே இருக்கிறது.